முன்னடைப்புக் கட்டணம்: இப்போதே கட்டி முடிப்பதா, காத்திருப்பதா, கடனையே மாற்றுவதா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வீட்டுக் கடன் வைத்திருப்பவர் கைக்கு மொத்தமாகப் பணம் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில்தான். பங்காளிகள் சேர்ந்து பூர்வீக வீட்டை விற்றதில் கிடைத்த பங்கு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பும் தொகை, முதிர்ந்த வைப்புநிதி. பணம் வந்த அன்றே வீட்டில் இரண்டு பேச்சு கிளம்பும். “கடனை அடைச்சுத் தலைமுழுகிரலாம்” என்பது ஒன்று. “முன்னாடியே அடைச்சா பேங்குல அபராதம் போடுவாக” என்பது இன்னொன்று. இரண்டாவது பேச்சு பலருடைய கடனுக்குப் பொருந்தவே பொருந்தாது. பொருந்துகிறவர்களும் அந்த அபராதத்தை, அதாவது முன்னடைப்புக் கட்டணத்தைச் சதவீதமாகப் பார்த்து மிரள்கிறார்களே தவிர, அது எத்தனை மாத வட்டிக்குச் சமம் என்று கணக்குப் போடுவதில்லை. எதைச் செய்வது என்பதை முடிவு செய்வது அந்த மாதக் கணக்குதான்.

முதலில், உங்கள் கடன் எந்த வகை?

சாங்ஷன் லெட்டரை (கடன் அனுமதிக் கடிதம்) எடுத்து மூன்று வரிகளைத் தேடுங்கள்: வட்டி ஃப்ளோட்டிங்கா (அவ்வப்போது ஏறி இறங்குவது) ஃபிக்ஸடா (மாறாமல் நிற்பது), கடன் யார் பெயரில், எந்த நோக்கத்துக்கு. 2024 அக்டோபருக்குப் பின் வாங்கிய கடன் என்றால் கூடவே முக்கிய விவர அறிக்கை ஒன்றும் தந்திருப்பார்கள். கட்டணங்கள் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கும்.

தனிநபர் பெயரில், ஃப்ளோட்டிங் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனுக்கு வங்கிகள் முன்னடைப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூன் மாதமே சொல்லிவிட்டது. 2014-இல் தனிநபர்களின் மற்ற ஃப்ளோட்டிங் தவணைக் கடன்களுக்கும் அது விரிந்தது. வீட்டுக் கடன் நிறுவனங்களுக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. கணவன் மனைவி சேர்ந்து வாங்கியிருந்தாலும், மகன் சிங்கப்பூர்வாசியாக இருந்தாலும் மாற்றமில்லை. அங்கே வங்கிக் கடனுக்கு லாக்-இன் காலமும் (அடைக்காமல் காத்திருக்க வேண்டிய காலம்) அதற்குள் அடைத்தால் கட்டணமும் வழக்கம் என்பதால், பிள்ளைகள் அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தயங்குகிறார்கள். இந்த வகைக் கடனுக்கு இங்கே தயங்க வேண்டியதில்லை.

ஃப்ளோட்டிங் வட்டியைச் செட்டிநாட்டுக்குப் புதிதாக விளக்க வேண்டியதும் இல்லை. ரங்கூனில் லேவாதேவி செய்த நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். கணக்குகள் அதை ஒட்டி ஏறி இறங்கின. இன்று நடப்பு வட்டியின் இடத்தில் ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) இருக்கிறது, அவ்வளவுதான்.

சிக்கல் தொடங்குவது மற்ற வகைகளில். முழுக்க ஃபிக்ஸட் வட்டிக் கடன். முதல் இரண்டு மூன்று ஆண்டு ஃபிக்ஸட், பிறகு ஃப்ளோட்டிங் என்ற கலப்புக் கடன். தொழிலுக்காகச் சொத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன். கலப்புக் கடனில், அடைக்கும் நாளில் எந்த வட்டி ஓடுகிறதோ அதுதான் கணக்கு. ஃபிக்ஸட் காலத்துக்குள் என்றால் கட்டணம் வரலாம். ஃப்ளோட்டிங்குக்கு மாறிய மறுநாள் என்றால் வராது.

தொழில் கடனில் 2026 ஜனவரி 1 ஒரு எல்லைக்கோடு. அன்று முதல் அனுமதிக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்கு, 2025 ஜூலையில் வந்த ரிசர்வ் வங்கி விதிகள் பொருந்தும். தனிநபரும் குறு, சிறு தொழில் நிறுவனங்களும் ஃப்ளோட்டிங்கில் வாங்கும் தொழில் கடனுக்கும் வணிக வங்கிகள் இனி முன்னடைப்புக் கட்டணம் வாங்க முடியாது. சிறு நிதி வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, நடுத்தர அடுக்கு நிதி நிறுவனம் போன்றவற்றில் இந்தச் சலுகை 50 லட்சம் வரை அனுமதிக்கப்பட்ட கடனுக்கு மட்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. இத்தனை மாதம் கழித்துத்தான் அடைக்கலாம் என்றும் சொல்லக் கூடாது. ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கோ, பலகாரக் கடைக்கோ, பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றவோ 2023-இல் வாங்கிய அடமானக் கடன் என்றால் பழைய ஒப்பந்தம்தான் பேசும். அதில் 2 முதல் 4 சதவீதம் வரை எழுதியிருப்பது சாதாரணம்.

நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது இங்கே முக்கியம். கானாடுகாத்தானில் வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனை, “ஹோம்ஸ்டே நடத்த” என்று விண்ணப்பத்தில் எழுதிய ஒரே காரணத்தால் தொழில் கடனாக வைத்திருப்பார்கள். வாங்கும்போது யாரும் கவனிப்பதில்லை.

ஃப்ளோட்டிங் கடன்: கட்டணம் இல்லை, ஆனாலும் ஒரு தேர்வு இருக்கிறது

நிலுவை 30 லட்சம், வட்டி 8.5 சதவீதம், மீதம் 15 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ரூ.29,542. கையில் 5 லட்சம் இருக்கிறது. அதைப் பகுதித் தொகையாகக் கட்டினால் வங்கி கேட்கும் கேள்வி: தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா?

தவணையைக் குறைத்தால் மாதம் ரூ.24,618 ஆகும். 15 ஆண்டில் மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 3.86 லட்சம். தவணையை அப்படியே விட்டுக் காலத்தைக் குறைத்தால் கடன் 180 மாதத்துக்குப் பதில் 130 மாதத்தில் முடியும். மிச்சமாகும் வட்டி ஏறத்தாழ 9.9 லட்சம். ஒரே 5 லட்சம்தான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்றால், இரண்டாவது வழியில் நீங்கள் மாதாமாதம் ரூ.4,924 கூடுதலாக அசலுக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் காலத்தைக் குறைப்பது மந்திரம் அல்ல, கட்டாயச் சேமிப்பு. சம்பளக்காரருக்கு அதுவே நல்லது. மாதம் ஏறி இறங்கும் வியாபார வருமானம் உள்ளவர் தவணையைக் குறைத்துக்கொண்டு, பணம் வரும்போதெல்லாம் பகுதித் தொகை கட்டுவது பாதுகாப்பு. கட்டணம் இல்லாததால் எத்தனை முறையும் கட்டலாம்.

இதில் தப்பாகப் போகிற இடம் ஒன்று உண்டு. பணத்தைக் கடன் கணக்கில் வெறுமனே போட்டுவிட்டு வந்தால், சில வங்கிகளில் அது அசலில் கழியாமல் வரும் மாதங்களின் தவணைக்கான முன்பணமாக நின்றுவிடும். “அசலுக்கான பகுதித் தொகை, காலத்தைக் குறைக்கவும்” என்று எழுத்தில் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். அட்டவணையில் நிலுவை 25 லட்சமாக இறங்கியிருந்தால்தான் வேலை முடிந்தது. குறைந்தபட்சம் இரண்டு மூன்று தவணைத் தொகையாவது கட்டினால்தான் ஏற்போம் என்று சில இடங்களில் வரம்பும் வைத்திருப்பார்கள்.

ஃபிக்ஸட் கடன்: கட்டணத்தை மாதமாக மாற்றிப் பாருங்கள்

நிலுவை 18 லட்சம், ஃபிக்ஸட் வட்டி 10.5 சதவீதம், முன்னடைப்புக் கட்டணம் 2 சதவீதம். ரூ.36,000 கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்தே வழக்கமாக வசூலிக்கிறார்கள், ரூ.6,480. மொத்தம் ரூ.42,480. கேட்டதும் வயிறு எரியும் தொகைதான்.

இனி மறுபக்கம். இந்தக் கடனுக்கு மாதம் போகும் வட்டி ரூ.15,750. அடைக்கத் தயாராக உள்ள 18 லட்சத்தை 7 சதவீத வைப்புநிதியில் விட்டால் மாதம் ரூ.10,500 வரும், 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரியும் செஸ்ஸும் போக ரூ.8,316 தங்கும். அடைக்காமல் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நட்டம் ரூ.7,434. கட்டணத்தை இதால் வகுத்தால் 5.7 மாதம்.

ஆகவே கலப்புக் கடனில் ஃபிக்ஸட் காலம் முடிய நான்கு மாதம்தான் இருக்கிறது என்றால் காத்திருங்கள். ஓராண்டு இருக்கிறது என்றால் கட்டணத்தைக் கட்டிவிட்டு இன்றே முடிப்பது லாபம். வரி கட்டாத மூத்த குடிமகன் பெயரில் 7.5 சதவீதத்துக்கு வைப்புநிதி இருந்தால் மாத நட்டம் ரூ.4,500-ஆகச் சுருங்கும்; அப்போது எல்லை 9.4 மாதம் வரை நீளும். உங்கள் எண்களைப் போட்டு இந்த ஒரு வகுத்தலைச் செய்தால் போதும்.

தொடக்கம் முதல் கடைசி வரை ஃபிக்ஸட் என்ற கடனில் காத்திருப்பதற்குப் பொருளே இல்லை. கட்டணம் என்றைக்கும் மறையாது. நிலுவை இறங்க இறங்கத் தொகை குறைகிறதே என்று தோன்றும். அதைக் குறைக்க நீங்கள் கட்டும் வட்டி அதைவிடப் பெரிது.

அப்படிப்பட்ட கடனுக்கு மூன்று வாசல்களைத் தட்டிப் பார்க்கலாம். முதலாவது, சொந்தப் பணம். வீட்டுக் கடன் நிறுவனத்தில் (வங்கியில் அல்ல) 2026-க்கு முன் தனிநபராக வாங்கிய ஃபிக்ஸட் வீட்டுக் கடனை, வேறு நிதி நிறுவனத்தில் கடன் வாங்காமல் சொந்தப் பணத்தில் அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது. பூர்வீகப் பங்கு விற்ற பணம், சேமிப்பு, பிள்ளை அனுப்பியது எல்லாம் சொந்தப் பணம்தான். அதற்குச் சான்றாக ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையும், விற்பனை என்றால் பத்திர நகலும் கேட்பார்கள். இங்கேதான் ஒரு கண்ணி. அவசரத்துக்கு வீட்டு நகையை வங்கியில் வைத்து, அந்தப் பணத்தில் கடனை அடைக்க நினைப்பது நம் ஊர்ப் பழக்கம். நகைக் கடனும் நிதி நிறுவனக் கடன்தான். கணக்கு அறிக்கையில் அந்த வரவு தெரிந்தால் சலுகை போய்விடும்.

இரண்டாவது, ஆண்டு வரம்பு. நிலுவையில் 25 சதவீதம் வரை ஆண்டுக்கு ஒருமுறை கட்டணமின்றிக் கட்டலாம் என்ற விதி பல ஃபிக்ஸட் ஒப்பந்தங்களில் இருக்கிறது. ஆண்டு என்பது நிதியாண்டு என்றிருந்தால் பங்குனி மாதம் உங்கள் பக்கம். மார்ச் மாதம் 4.5 லட்சம் கட்டினால் நிலுவை 13.5 லட்சம். ஏப்ரல் முதல் வாரம் அதில் கால் பங்கு, அதாவது ரூ.3,37,500 கட்டினால் நிலுவை ரூ.10,12,500. மீதியை மொத்தமாக முடிக்கும்போது கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு ரூ.23,895. நேரடியாக முடித்திருந்தால் ரூ.42,480. சில வாரப் பொறுமைக்கு ரூ.18,585 மிச்சம். ஆனால் “கடைசி 12 மாதத்தில் கட்டிய பகுதித் தொகைகளையும் சேர்த்துக் கட்டணம் கணக்கிடப்படும்” என்ற வரி ஒப்பந்தத்தில் ஒளிந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அந்த வரி இருக்கிறதா என்று பார்க்காமல் முதல் தொகையைக் கட்ட வேண்டாம்.

மூன்றாவது, அதே வங்கியில் ஃப்ளோட்டிங்குக்கு மாறிக்கொள்வது. மாறுவதற்கு ஒரு கட்டணம் உண்டு. அது முன்னடைப்புக் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால் மாறிவிட்டுப் பிறகு அடைக்கலாம். மாறிய பின் எவ்வளவு காலம் அடைக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறார்களா என்பதை மட்டும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

வேறு வங்கிக்கு மாற்றுவது: டேக்ஓவர் கணக்கு

ஃப்ளோட்டிங் கடனில் முன்னடைப்புக் கட்டணம் இல்லை என்றதும் “வேறு பேங்குக்கு மாத்துறது சும்மாதானே” என்று நினைக்கிறார்கள். பழைய வங்கியில்தான் சும்மா. புதிய இடத்தில் செலவு இருக்கிறது. தமிழ்நாட்டில் அது கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது, ஏனென்றால் பத்திரங்களை ஒப்படைத்ததற்கான எம்.ஓ.டி. ஆவணத்தை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

நிலுவை 30 லட்சம், 15 ஆண்டு, 9.5 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதத்துக்கு மாறுவதாகக் கொள்வோம். புரோசசிங் ஃபீஸ் 0.35 சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு ரூ.12,390. எம்.ஓ.டி. முத்திரைத் தீர்வை அரை சதவீதம்: ரூ.15,000 (உச்சவரம்பு 30,000). பதிவுக் கட்டணம் 1 சதவீதம், ஆனால் உச்சவரம்பு ரூ.6,000. வக்கீல் கருத்துரை, பொறியாளர் மதிப்பீடு இரண்டுக்கும் ரூ.8,000 வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ.41,390. அரசுக் கட்டணங்கள் மாறக்கூடியவை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தவணை ரூ.31,327-லிருந்து ரூ.29,542-ஆக இறங்கும். மாதம் ரூ.1,785 மிச்சம். செலவு திரும்பிவர 23 மாதத்துக்கு மேல். அதற்குள் வீட்டை விற்கவோ கடனை முடிக்கவோ எண்ணம் இருந்தால் டேக்ஓவர் வீண். நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு நல்ல லாபம். அதிலும் பழைய ரூ.31,327-ஐயே தொடர்ந்து கட்டினால் கடன் 161 மாதத்தில் முடிந்துவிடும். வட்டி குறைந்த பின்னும் தவணையைக் குறைக்காமல் இருப்பது, அந்த வித்தியாசத்தைத் தாங்க முடிகிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை.

ஆனால் டேக்ஓவருக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பெரும்பாலோர் அதைச் செய்வதில்லை. உங்கள் வங்கியிலேயே வட்டியைக் குறைக்கக் கேட்பது. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் புதிய ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்களை ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும். அதற்கு முன் வாங்கிய கடன்கள் பல இன்னும் பழைய எம்.சி.எல்.ஆர். முறையிலேயே (வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே வட்டியை நிர்ணயிக்கும் முறை) கிடக்கின்றன. 2025-இல் ரெப்போ 6.5 சதவீதத்திலிருந்து 5.25 சதவீதம் வரை இறங்கியபோது அவற்றுக்கு அந்தப் பலன் மெதுவாகத்தான் வந்து சேரும். ஒரு விண்ணப்பம், சில ஆயிரம் கட்டணம், மாற்றம் முடிந்தது. பத்திரம் பெட்டியை விட்டு நகர வேண்டியதில்லை. போட்டி வங்கியின் சாங்ஷன் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பேச்சு சீக்கிரம் முடியும்.

பூர்வீகச் சொத்திலிருந்து பிரிந்த மனை என்றால் டேக்ஓவரில் இன்னொரு தலைவலி. பாகப்பிரிவினைப் பத்திரம், வாரிசுச் சான்று, தாய்ப்பத்திரம் என்று புது வங்கியின் வக்கீல் முதலிலிருந்து கேட்பார். வெளிநாட்டில் இருக்கும் பங்காளி ஒருவரின் கையெழுத்து விட்டுப்போயிருந்தால், முதல் வங்கி கண்டுகொள்ளாததை இரண்டாம் வங்கி பிடித்துக்கொள்ளும். புரோசசிங் ஃபீஸைக் கட்டுவதற்கு முன் வக்கீல் கருத்துரையை முடித்துத் தரச் சொல்லுங்கள்.

அடைக்கவே வேண்டாம் என்பவர்கள்

பழைய வரி முறையில் இருப்பவருக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிவு உண்டு. 30 சதவீத வரம்பில் இருந்தால், அந்த 2 லட்சத்துக்குள் வரும் 8.5 சதவீத வட்டி செஸ் உட்பட வரி போக 5.85 சதவீதம்தான். அவசரப்பட வேண்டாம். புதிய வரி முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு கிடையாது. முன்னதாக அடைத்தால் பழைய கழிவுகளைத் திரும்பக் கட்ட வேண்டுமோ என்ற பயம் தேவையில்லை. ஐந்தாண்டுக்குள் வீட்டை விற்றால்தான் அசலுக்கு எடுத்த கழிவு திரும்பும். பூர்வீகப் பங்கு விற்ற பணம் என்றால் மூலதன ஆதாய வரிக்கு உரியதை எடுத்து வைத்துவிட்டு மீதியைக் கணக்கில் எடுங்கள். ஆறு மாதக் குடும்பச் செலவும் தனியே இருக்கட்டும். வீட்டுக் கடனை அடைத்த மறுமாதம் தனிநபர் கடனுக்கு அலைவது நல்ல வணிகம் அல்ல.

முடிக்கும் நாளில்

கணக்கு முடிப்பு அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். அதில் செல்லுபடியாகும் தேதியும் ஒரு நாள் வட்டியும் இருக்கும். முன்னடைப்புக் கட்டணம், தாமத அபராதம், “இதர செலவு” என்ற மூன்றையும் ஒப்பந்தத்தோடு ஒப்பிடுங்கள். ஃப்ளோட்டிங் கடனில் கட்டணம் என்று ஒரு ரூபாய் இருந்தாலும் பணம் கட்டும் முன்பே கேள்வி கேட்க வேண்டும். தவணைத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் முடித்தால் தானியங்கிப் பிடித்தம் அடுத்த தவணையையும் எடுத்துவிடக்கூடும். தவணை போன மறுநாள் முடிப்பது எளிது. கடனோடு ஒரே பிரீமியத்தில் காப்பீடு எடுத்திருந்தால் மீதிக் காலத்துக்குத் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

முழுத் தொகையும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தந்து, பதிவேடுகளில் உள்ள அடமானக் குறிப்பையும் நீக்க வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரங்கள் கிளையில் இல்லாமல் வேறு ஊரில் இருக்கும் சேமிப்பகத்தில் இருப்பது சகஜம் என்பதால், பணம் கட்டும் அன்றே கோரிக்கைக் கடிதம் கொடுத்து, தேதியோடு சீல் வாங்கிவிடுங்கள். வாங்கும்போது ஒப்படைத்த பட்டியலோடு தாய்ப்பத்திரம் உட்பட ஒவ்வொன்றையும் பக்க எண்ணிக்கை வரை சரிபாருங்கள்.

எம்.ஓ.டி.யை ரத்து செய்யும் ரசீது ஆவணத்துக்கு வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டியிருக்கலாம். அவருடைய நாளைப் பத்திரம் வாங்கும்போதே உறுதி செய்யுங்கள். விட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். பதிவான பின் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எம்.ஓ.டி. பதிவுக்குக் கீழே ரசீதுப் பதிவும் வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து விற்கும்போது, வாங்குபவரின் வக்கீல் கடன் நிற்கிறது என்று எழுதுவார். கட்டணத்தைத் தவறாகப் பிடித்தாலோ பத்திரம் தாமதமானாலோ முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). உதவி எண் 14448. வீட்டுக் கடன் நிறுவனம் என்றால் புகார் தேசிய வீட்டுவசதி வங்கிக்குப் போக வேண்டும்.